இரண்டாம் முறை சொல்லாத சங்கிலி

தமிழ்மாறனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவன் அம்மா லீலாவதி, "கம்ப்யூட்டர்ல என்னத்தையோ கோத்துக்கிட்டு இருக்கான்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவன் வேலையை அதைவிடச் சரியாகச் சொன்னவர்கள் ஒருவரும் இல்லை. சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவன், ஆட்குறைப்பில் வேலை போனதும் ஊர் திரும்பி, பெரம்பலூரில் துறையூர் சாலையில் ஒரு மாடி அறையைப் பிடித்து உட்கார்ந்தான். ஒரு மென்பொருள் ஒரு வேலையைச் செய்யும், அது முடித்ததை அடுத்தது வாங்கிக்கொள்ளும், அது முடித்ததை அதற்கடுத்தது. எதை எப்போது யார் செய்வது என்று பார்த்துக்கொள்ள ஏஐ ஏஜென்ட் ஒன்று மேஸ்திரி மாதிரி மேலே நிற்கும். நடுவில் மனிதக் கை படவேண்டிய அவசியமே கிடையாது. இப்படிக் கோத்ததற்கு அவன் சங்கிலி என்று பெயர் வைத்திருந்தான். வெங்காய மண்டிக்கு ஒரு சங்கிலி, கல்யாண மண்டபத்துக்கு ஒன்று, டிரைவிங் ஸ்கூலுக்கு ஒன்று என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அவற்றில் அவன் மனசுக்கு நெருக்கமானது ராஜராஜனுக்குச் செய்து கொடுத்தது. ராஜராஜன் ஐஸ் பெட்டியும் அமரர் ஊர்தியும் வாடகைக்கு விடுகிறவர். சுற்று வட்டாரத்தில் சாவு விழுந்த வீடு எதுவானாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். அந்தப் போனை இப்போது ஏஜென்ட் எடுத்தது. எந்த ஊர், யார் பெயர் என்று பதமான குரலில் கேட்டுக்கொள்ளும். பிறகு சங்கிலியின் ஒரு கண்ணி பெட்டியை ஒதுக்கும், ஒன்று வண்டி டிரைவருக்குத் தகவல் சொல்லும், ஒன்று போட்டோவைப் போட்டு கண்ணீர் அஞ்சலி தயார் செய்யும், கடைசிக் கண்ணி சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பும். பார்க்காதவர்களுக்குப் போன் போட்டு வாயாலேயே சொல்லும்.

சங்கிலி தயாரான மாசமே தமிழ்மாறனின் அப்பா தவறிப்போனார். முதன்முதலில் அது ஓடியதே அவருக்குத்தான். ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் போன் போட்டு, ஒவ்வொரு தடவையும் 'அப்பா போயிட்டாரு' என்று புதிதாகச் சொல்லி, புதிதாக உடைந்து அழுகிற கொடுமை அன்று அவனுக்கு இல்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தான். ஊர் தானாக வந்து சேர்ந்தது. காசுக்காகச் செய்த வேலை ஒரு புண்ணியமாகவும் ஆகிவிட்டது என்று அன்று அவனுக்குப் பட்டது. அப்படிப் பட்டதைக் குறை சொல்ல முடியாது, அது உண்மையும்கூட.

அதன்பிறகு இரண்டு இடத்தில் கை வைத்தான். பெட்டி கேட்டவரிடம், உயிர் பிரிந்துவிட்டதா, எப்போது என்று ஏஜென்ட் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. குரும்பலூர்ப் பக்கம் ஒரு ஆள் கொதித்துப்போய், "பொணத்த நடு வூட்டுல போட்டுக்கிட்டு நிக்கிறேன், செத்துட்டாரான்னா கேக்குற?" என்று ராஜராஜனை வண்டை வண்டையாகத் திட்டிவிட்டான். ராஜராஜன் வந்து முறையிட்டார். தமிழ்மாறன் யோசித்தான். சாகாமல் யார் ஐஸ் பெட்டி கேட்கப்போகிறார்கள்? கேள்வியை எடுத்துவிட்டான். இன்னொரு வீட்டில் ஒரே சாவுச் செய்தி மூன்று தடவை போய், அது ஒரு சண்டையானது. அதற்கு ஒரு பூட்டுப் போட்டான். ஒரு வீடு, ஒரு பெயர் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதே எண்களுக்கு அந்தப் பெயரில் மறுபடி எதையும் அனுப்பாது. இரண்டுமே நல்ல மனசோடு செய்ததுதான்.

சாகாமல் யார் பெட்டி கேட்பார்கள் என்று அவன் நினைத்தானே, அது சென்னைப் புத்தி. பூலாம்பாடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த நினைப்பு வந்திருக்கவே கூடாது. இந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க' என்று சொல்லிவிட்டால், ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குச் சொல்லி வைத்துவிடுவார்கள். அதிலும் சித்திரை வெயிலில் பெட்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பிணம் வேப்ப மரத்தடியில் பெஞ்சில்தான் கிடக்கும். இதெல்லாம் அவனுக்குத் தெரியாததில்லை. தெரிந்தது தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சித்திரையில்தான் லீலாவதிக்கு முடியாமல் போனது. வயிற்று வலி என்று திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஈரல் முழுக்கப் புற்று பரவியிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ, இனி எங்களால் ஆவது ஒன்றுமில்லை என்று டாக்டர் தமிழ்மாறனைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவனுக்கு முதலில் வந்த நினைப்பு தங்கச்சி மலர்க்கொடியைப் பற்றித்தான். அவளை ஏலாக்குறிச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. கல்யாணமாகி வெகு காலம் கழித்து உண்டாகியிருந்தாள், ஏழு மாசம். அம்மாவின் வியாதியை அதுவரை அவளிடம் மூடி வைத்திருந்தார்கள். இனி மூடமுடியாது. ஏனென்றால் வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அம்மாவுக்கு உயிர் இருக்கும்வரைதான் அவள் வந்து முகம் பார்க்கலாம். போய்விட்டால், பெற்ற மகளானாலும் அவளுக்கு அந்த முகம் இல்லை.

அதனால் விடிந்ததும் மலருடைய வீட்டுக்காரன் பூவரசனுக்குப் போன் போட்டான். அவன் தங்கமான ஆள். மறுபேச்சு இல்லாமல் ஒரு காரைப் பிடித்து மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். லீலாவதியை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு இவர்களும் திருச்சியிலிருந்து கிளம்பினார்கள். அம்மா அரை மயக்கத்தில் கிடந்தாள். அவள் கையைப் பிடித்தபடி தமிழ்மாறன் உட்கார்ந்திருந்தான், போன் பையில் கிடந்தது. எல்லாம் கணக்காக நடந்தால் மலர் வந்து சேரும்போது அம்மா வீட்டுக் கட்டிலில் இருப்பாள். அது ஒன்றைத்தான் அவன் வழிநெடுக வேண்டிக்கொண்டு வந்தான்.

பூலாம்பாடி வீட்டில் அவன் தாய்மாமன் தர்மன் இருந்தார். அக்காவின் மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன். கட்டிலை எடுத்துப் போட்டு, கூடத்தைக் கழுவிவிட்டு, செய்ய வேறு வேலை இல்லாமல் போனதும், இந்த வெயிலில் அக்கா நாறிவிடக்கூடாதே என்ற கவலை வந்து ராஜராஜன் நம்பருக்குப் போன் போட்டார். பூலாம்பாடி, லீலாவதி, ஒரு பெட்டி வேண்டும். அவ்வளவுதான் சொன்னார். பதமான குரல் சரி என்றது. ஏஜென்ட் தன்னிடம் இருந்த பழைய விவரத்தைப் பார்த்தது. இதே வீட்டில் ஏற்கெனவே ஒரு சாவு. சொந்தக்காரர் எண்களெல்லாம் பத்திரமாக இருந்தன. அப்பாவின் கண்ணீர் அஞ்சலிக்காகக் கொடுத்த குடும்பப் போட்டோவும் இருந்தது. துக்கத்தில் இருப்பவர்களை மறுபடி தொந்தரவு செய்யாதே என்று தமிழ்மாறன் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். அது தொந்தரவு செய்யவில்லை. போட்டோவிலிருந்து லீலாவதியின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, இரு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, எல்லோருக்கும் அனுப்பிவிட்டது.

ஆம்புலன்ஸ் அரும்பாவூர் தாண்டி ஊருக்குள் நுழைந்து தெருவில் நின்றபோது, வாசலில் ஏழெட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருத்தர் கையில் ரோஜா மாலை. தமிழ்மாறனுக்கு ஒன்றும் புரியவில்லை. தனக்குத் தெரியாமல் வழியிலேயே அம்மா போய்விட்டாளோ என்று பதறிப்போய் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு இருந்தது. அந்த அழுகைச் சத்தத்தில் லீலாவதியே கண்ணைத் திறந்துவிட்டாள்.

"யாருடா தவறிட்டாங்க?" என்றாள்.

தர்மன்தான் முன்னால் வந்து, பக்கத்துத் தெருவில் ஒரு கிழவி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். "அய்யோ பாவம்" என்றாள் லீலாவதி. "நான் வூட்டுக்குள்ள போயிக்கிறேன். நீ ஒரு எட்டு அங்க போயி தல காட்டிட்டு வந்துடுடா மாறா."

அவளைக் கட்டிலில் படுக்க வைத்த பிறகுதான் தமிழ்மாறன் போனை எடுத்தான். அம்மாவின் முகமும் குத்துவிளக்குகளும் அவன் திரையிலும் இருந்தன. பார்த்ததும் நடந்தது என்னவென்று அவனுக்குப் புரிந்துவிட்டது, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செய்த கையல்லவா. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். மாலையோடு வந்த பெரியம்மா முறைக்காரி ஒருத்தி, உயிரோடிருக்கையில் சாவுச் செய்தி வந்தால் ஆயுசு கெட்டி என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிலர் சிரித்தும்விட்டார்கள். தமிழ்மாறனுக்குச் சிரிப்பு வரவில்லை. மலருக்கும் இது போயிருக்குமே.

மலர் போனுக்கு அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பூவரசன் போன் அணைந்து கிடந்தது. மறுபடி மறுபடி அடித்தான். சம்பந்தி வீட்டில் மற்றவர்கள் எண் எதுவும் அவன் கைவசம் இல்லை, சங்கிலியிடம் இருந்தது. உடனே ஏஜென்டுக்கு எழுதினான். அம்மா உயிரோடு இருக்கிறார், முன்பு போனது தவறான செய்தி, அது போன எல்லோருக்கும் இதைச் சொல், எடுக்காதவர்களை எடுக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இரு. அது ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. சரி, எல்லா வேலையும் முடிந்தது என்று பதில் வந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன்னைவிட அது விடாமல் கூப்பிடும், சலிக்காது, அழாது என்று நம்பினான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்தான்.

முடிந்தது என்று அது சொன்னது பொய்யில்லை. அதற்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். அனுப்பும் கண்ணியிடம் செய்தியைக் கொடுத்தது. அதே வீடு, அதே பெயர், அதே எண்கள் என்று பார்த்ததும் அந்தக் கண்ணி சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டது. பிழை என்று எதுவும் திரும்பி வராததால், போய்விட்டது என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டது. அந்தப் பூட்டை இவன் போட்டது எப்போதோ ஒரு மத்தியானம், டீ குடித்துக்கொண்டே.

காலையில் அந்த அஞ்சலி போன நேரத்தில் மலரும் பூவரசனும் பெரம்பலூர் பாலக்கரை வரை வந்திருந்தார்கள். அங்கிருந்து பூலாம்பாடிக்கு ஒரு மணி நேரப் பயணம். கார் சிக்னலில் நின்றபோது மலர் மடியில் இருந்த போனில்தான் அது வந்தது. அம்மாவின் படத்தைப் பார்த்தாள். கத்தக்கூட இல்லை, அப்படியே சாய்ந்துவிட்டாளாம். பூவரசன் தன் அம்மாவுக்குப் போன் போட்டான். அவள் அலறியடித்துக்கொண்டு, வயிற்றுப் பிள்ளையோடு அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைக்காதே, திருப்பு வண்டியை என்றாள். திருப்பினான். அரியலூர் வருவதற்குள் மலருக்கு அடிவயிறு இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. நேரே ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அந்த ஓட்டத்தில் அவன் போன் சார்ஜ் இல்லாமல் செத்துப்போனது, மலர் போன் கார் சீட்டுக்கடியில் கிடந்தது.

இதெல்லாம் பூலாம்பாடியில் யாருக்கும் தெரியாது. லீலாவதி அன்று நல்ல தெளிவாக இருந்தாள். போகிற உயிருக்குச் சிலசமயம் அப்படி ஒரு வெளிச்சம் வரும். இளநீர் இரண்டு மிடறு குடித்தாள். மலர் வருகிறாள் என்று தமிழ்மாறன் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. வாசலுக்கு நேரே கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கப் பார்த்தாள். வந்ததெல்லாம் மாலையோடு வந்த தூரத்துச் சொந்தங்கள். அவர்களை வாசலிலேயே மடக்கிக் காதோடு சொல்லி, மாலையை மறைத்துவிட்டு உள்ளே அனுப்புவதே தர்மனுக்கு வேலையாக இருந்தது. மத்தியானத்துக்கு மேலும் மாலையோடு ஆள் வருகிறதே என்று தமிழ்மாறன் ஒரு கணம் யோசித்தான். இரண்டாவது செய்தி போகுமுன்பே கிளம்பியவர்களாக இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பூவரசன் போன் இன்னமும் அணைந்துதான் கிடந்தது. வழியில் சார்ஜ் தீர்ந்திருக்கும், முதல் செய்தியைப் பார்த்துத் திரும்பிப் போயிருந்தாலும் மறுபடி கிளம்பி வரவேண்டுமே, நேரம் ஆகத்தானே செய்யும்.

"எங்கடா வராங்க?" என்று கேட்டாள் லீலாவதி.

"பெரம்பலூர் தாண்டிட்டாங்கம்மா" என்றான்.

"மெதுவா வரச்சொல்லு. வாயும் வயிறுமா இருக்கா, ரோடு வேற மேடும் பள்ளமுமா கெடக்கு. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடியும் பெரம்பலூர் தாண்டிவிட்டார்கள் என்றே சொன்னான். வெயில் தாழ்ந்து பச்சைமலைப் பக்கம் சாயும்போது அவள் கேட்பதை நிறுத்திவிட்டு வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்த்தபடியேதான் போனாள். கண்ணை மூடிவிட்டது தர்மன்தான். தமிழ்மாறனுக்குக் கை எழவில்லை.

அழுது ஓய்ந்து, இனிச் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று போனை எடுத்தான். அம்மா இப்போதுதான் காலமானார், எல்லோருக்கும் சொல் என்று ஏஜென்டுக்கு எழுதினான். இந்தத் தடவை அது முடிந்தது என்று சொல்லவில்லை. செய்தி ஏன் போகவில்லை என்று ஒருவேளை தானாகவே கிண்டிப் பார்த்ததோ என்னவோ, ஒழுங்காக விளக்கமே கொடுத்தது. லீலாவதி அவர்களின் மறைவு காலையிலேயே தெரிவிக்கப்பட்டுவிட்டது, ஒருவரைப் பற்றி ஒருமுறைக்கு மேல் தெரிவிப்பதில்லை, அதற்குப் பிறகு வந்த இரண்டு செய்திகளும் அனுப்பப்படவில்லை. அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பகலெல்லாம் அம்மாவிடம் தான் சொன்னது அத்தனையும் பொய் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் பூவரசனே கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் யாரிடமோ சார்ஜர் வாங்கிப் போட்டிருக்கிறான்.

"எடுத்தாச்சா மச்சான்?" என்றான் எடுத்த எடுப்பில். அடக்கம் முடிந்துவிட்டதா என்று கேட்கிறான். "நான் மட்டுமாவது வந்துடணும்னு பாத்தேன். இவள விட்டுட்டு வர முடியல."

தமிழ்மாறன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மா உயிரோடு வீடு வந்ததை, பகலெல்லாம் மலரைக் கேட்டதை, இப்போதுதான் போனதை எல்லாம் சொன்னான். அந்தப் பக்கம் பூவரசன் அழுவது கேட்டது. ஆம்பளை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு வாயைப் பொத்தி அழுகிற அழுகை.

"மச்சான், கால்ல விழுந்து கேக்குறேன். இது அவளுக்குத் தெரிய வேணாம். பிரஷர் ஏறிக் கெடக்கா, இன்னொரு அதிர்ச்சி தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லுது. அவளப் பொறுத்தவரைக்கும் அத்தை காலைலயே போயிட்டாங்க. அப்புடியே இருந்துட்டுப் போவட்டும்."

தமிழ்மாறன் சரி என்றான். வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அந்தச் சரியைக் காப்பாற்றுவது லேசான வேலையா? வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போன சொந்தங்கள் எத்தனை பேர். யாராவது ஒருத்தர் நாளைக்கு மலரிடம், உன் அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே போனாளே என்று சொன்னால் போச்சு. அதைச் சொல்லச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை, அதைச் சொல்வதுதான் அவர்களுக்கு ஆறுதல். ஆகவே காரியம் முடிந்த கையோடு அவன் ஒவ்வொருவருக்கும் தானே போன் போட்டான். ஒவ்வொருவரிடமும் நடந்ததை முதலிலிருந்து சொன்னான். தன்னுடைய சங்கிலி செய்த வேலை என்று சொன்னான். அம்மா ஆம்புலன்சிலேயே போய்விட்டாள் என்று மலரிடம் சொல்லும்படி கெஞ்சினான். ஒவ்வொரு தடவையும் புதிதாக உடைந்தான். சிலர் அவனோடு சேர்ந்து அழுதார்கள். பெரியம்மா முறைக்காரி, செத்தவளை வைத்துப் பொய் சொல்ல மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள், வீட்டுக்கே போய்க் காலில் விழுந்துதான் சம்மதம் வாங்கவேண்டியிருந்தது.

ராஜராஜன் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர்மேல் கோபப்பட தமிழ்மாறனிடம் எதுவும் இல்லை. எடுத்த கேள்வியைத் திரும்ப வைத்தான், போட்ட பூட்டைக் கழற்றினான். அதன்பிறகும் யாரோ ஏஜென்டைத் திட்டுகிறார்கள் என்று ராஜராஜன் சொன்னபோது, திட்டட்டும் என்றான். சரியாகிவிட்டது, இனி இப்படி நடக்காது. ஆனால் இனி நடக்காததால் அவனுக்கு என்ன?

மலருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தீட்டெல்லாம் கழிந்து, ஆடியும் முடிந்த பிறகு பிள்ளையோடு பூலாம்பாடிக்கு வந்தாள். கூடத்தில் அம்மா படத்துக்கு முன்னால் பிள்ளையைக் கிடத்திவிட்டு நெடுநேரம் அழுதாள். வீட்டில் அவனும் தர்மனும் மட்டும்தான் இருந்தார்கள். பூவரசன் பஸ்ஸிலிருந்து இறக்கிய பைகளை வாசலிலேயே வைத்துக்கொண்டு உள்ளே வராமல் நின்றான். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மலர் அண்ணனைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள்.

"ஒண்ண நெனச்சுத்தாண்ணே மனசத் தேத்திக்கிறேன். அம்மா வழியிலயே கண்ண மூடிருச்சு. வூட்டுக்கு வந்து படுத்து, எங்கடா மலருன்னு ஒருவாட்டி கேட்டிருந்துச்சுன்னா, இந்தப் புள்ளயப் பெத்தெடுக்க எனக்குத் தெம்பே இருந்திருக்காது."

தர்மன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். தமிழ்மாறன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். மலர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவேண்டும் என்று.

"கேக்கல மலரு" என்றான். "அம்மா யாரையுமே கேக்கல."